எத்தனை மணிக்கு வலிக்கிறது உங்கள் மூட்டு?

*எல்லா மூட்டுவலியும் தேய்மானம் இல்லை. ஒரே அட்டை மாத்திரை எல்லோருக்கும் பொருந்துவதும் இல்லை.*

இரவு எட்டரை மணி இருக்கும். செங்கல்பட்டுக்கு அருகே நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மெடிக்கல் ஷாப். திடீர் மழைக்கு ஒதுங்கியவன், அடுத்த அரை மணி நேரம் அந்தக் கவுன்ட்டரை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் ஒரு பாட்டி வந்தார். கடைக்கு ஒரே ஒரு படிதான். அதில் ஏறுவதற்கு வலது தொடையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி வைத்தார். “முட்டிவலி தாங்கல கண்ணு. போன தடவ குடுத்தியே பச்சை அட்டை, அதையே குடு.”

பாட்டி நகர்வதற்குள், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க ஒரு பெண். முப்பது, முப்பத்திரண்டு வயது. “அண்ணா, விரல் மூட்டெல்லாம் வீங்கியிருக்கு. காலைல பேஸ்ட் மூடியத் திறக்கவே முடியல” என்றார். பணம் எடுக்கக் கைப்பையின் ஜிப்பை விரலால் இழுக்கவில்லை. ஜிப்பில் ஒரு நாடாவைக் கட்டி வைத்திருந்தார், அதைப் பல்லால் கடித்து இழுத்தார்.

மூன்றாவது ஆள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. வலது காலில் ஷூ, இடது காலில் ரப்பர் செருப்பு. அதையும் பாதிதான் நுழைத்திருந்தார். பெருவிரலின் அடிமூட்டு பழுத்த தக்காளி போலச் சிவந்து, தோல் மினுமினுத்தது.

மூன்று பேருக்கும் அதே பச்சை அட்டை. “ரெண்டு வேளை, சாப்பிட்ட பிறகு.” கடைசியாக வந்த கல்லூரிப் பையன் முதுகுக்கு ஸ்பிரே கேட்டான். “நைட்ல படுக்கவே முடியலண்ணா. எழுந்து நடந்தாதான் கொஞ்சம் விடுது.”

கடைக்காரரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கேட்டது வலிக்கு மருந்து, அவர் கொடுத்ததும் வலிக்கு மருந்து. ஆனால் பார்த்த மட்டில் அந்த நால்வருக்கும் இருந்தவை நான்கு தனித்தனி நோய்கள். பாட்டி சிகிச்சையை ஆறு மாதம் தள்ளிப்போட்டால் பெரிதாகக் குடி முழுகாது. கம்பெனிப் பெண் ஆறு மாதம் தள்ளிப்போட்டால், கோணிய விரலைப் பிறகு யாராலும் நிமிர்த்த முடியாது.

பெயர் ஒன்று, நோய் நூறு

‘ஆர்த்ரைட்டிஸ்’ என்ற ஒரே சொல்லுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட நோய்கள் அடங்கியிருக்கின்றன. நம் சித்த மருத்துவமும் மூட்டுவலியை ஒன்றாகக் கட்டிப்போடவில்லை. வாத நோய்களே 80 என்று கணக்கு வைத்து, மூட்டில் வருவதைக் கீல்வாயு என்று தனியே பிரித்து, அதற்குள்ளும் அழல் கீல்வாயு, வளி அழல் கீல்வாயு என்று வகைப்படுத்தியது. முடக்கு அறுத்தான் என்பதுதான் முடக்கத்தான் ஆயிற்று. பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை நடுவில் எங்கோ தொலைத்துவிட்டோம். இன்று நமக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: “வயசாயிடுச்சு, தேய்மானம்.”

அதற்குக் காரணமும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ம் ஆண்டுக் கணக்கில் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் 52.8 கோடி பேர். முடக்கு வாதம் உள்ளவர்கள் 1.8 கோடி. தேய்மானம் அத்தனை பெரிய கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள் மற்ற நோயாளிகள் காணாமல் போய்விடுகிறார்கள்.

அவர்களைக் கண்டுபிடிக்க ஒரு எளிய கேள்வி உண்டு. எவ்வளவு வலிக்கிறது என்பதை விட்டுவிட்டு, எந்த நேரத்தில் வலிக்கிறது என்று கேட்க வேண்டும்.

பொழுது சாய்ந்தால் வலிப்பது

பாட்டிக்கு இருப்பது மூட்டுத் தேய்மானம். எலும்பும் எலும்பும் சந்திக்கும் இடத்தில் இரண்டின் முனையிலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். ‘ஜவ்வு தேஞ்சிடுச்சு’ என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். வயது, உடல் எடை, பழைய அடி, பரம்பரை எல்லாம் சேர்ந்து இதை மெலிய வைக்கின்றன. அடியிலிருக்கும் எலும்பு தடித்து, ஓரங்களில் முள் போல நீட்டிக்கொள்கிறது.

இதன் குணம் சாயங்கால குணம். வேலை செய்யச் செய்ய வலி ஏறும், காலை நீட்டி உட்கார்ந்தால் இறங்கும். காலையில் இறுக்கம் இருந்தாலும் பொதுவாக அரை மணிக்குள் விட்டுவிடும். படி ஏறுவதைவிட இறங்குவது கொடுமை. கையில் வந்தால் நகத்தை ஒட்டிய கடைசிக் கணுவில் கல் போலப் புடைப்புத் தெரியும். கட்டைவிரலின் அடியில் வந்தால் துணி பிழியும்போது உயிர் போகும்.

தேய்மானம் என்ற சொல்லே பாதி நோயாளிகளைக் கெடுத்துவிட்டது என்பேன். நடந்தால் இன்னும் தேய்ந்துவிடும் என்று பயந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். தொடைத் தசை வற்றுகிறது. தசை தாங்காத பாரம் முழுவதும் மூட்டின் மேல் இறங்குகிறது. வலி கூடுகிறது, எடையும் கூடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குவது போன்ற தொடைத் தசைப் பயிற்சிதான் முழங்கால் தேய்மானத்துக்கு முதல் மருந்து. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. கால்சியம் மாத்திரைக்கும் இந்த வலிக்கும் சம்பந்தமில்லை. ஊன்றுகோலை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நான் பார்த்த பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் தப்பான கையில்தான் பிடிக்கிறார்கள்.

மூட்டுக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுத்தம் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பி ஒரு காலத்தில் அமர்க்களப்பட்டது. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஒரு பிரிவினருக்கு உண்மையான சிகிச்சை கொடுத்து, இன்னொரு பிரிவினருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டு, யாருக்கு எது என்று சொல்லாமல் சோதித்தார்கள். கீறல் மட்டும் போட்டவர்களும் கழுவப்பட்டவர்களைப் போலவே இருந்தார்கள்.

■ மூட்டு மாற்று: கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்
2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை வைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட்-குரோமியம் வகைக்கு அப்போது ஜி.எஸ்.டி. நீங்கலாக 54,720 ரூபாய். பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. எக்ஸ்-ரே மோசமாக இருக்கிறது என்பது மட்டும் ஆபரேஷனுக்குக் காரணமாகாது. பயிற்சி, மருந்து எல்லாம் பார்த்த பிறகும் தூக்கம் கெடுகிறதா, வீட்டைவிட்டு இறங்க முடியவில்லையா என்பதுதான் கணக்கு.

விடிந்தால் வலிப்பது

இனி கம்பெனிப் பெண்ணின் விரல்கள். இந்த இடத்தில் என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2006-ல் சிக்குன்குன்யா தமிழ்நாட்டைப் புரட்டிப் போட்டபோது, எங்கள் தெருவே குனிந்து நடந்தது. அத்தையும் படுத்தார். அடுத்த பொங்கலுக்குள் தெரு நிமிர்ந்துவிட்டது, அத்தையின் விரல்கள் மட்டும் நிமிரவில்லை. “சிக்குன்குன்யா வலி அப்படித்தான், போகப் போகச் சரியாயிடும்” என்று உறவினர்கள் சொன்னார்கள். பக்கத்து ஊர் டாக்டர் ஒருவரும் அதையேதான் சொன்னார். அத்தை மார்கழி முழுக்க வாசலை அடைத்துப் புள்ளிக் கோலம் போடுகிறவர். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே மாவு நூல் பிடித்த மாதிரி இறங்கும். அந்த ஆண்டு நூல் அங்கங்கே அறுந்தது. அடுத்த ஆண்டு துளை போட்ட பிளாஸ்டிக் குழலில் மாவு ரொப்பி உருட்டினார். அதற்கடுத்த ஆண்டு வாசலில் ஸ்டிக்கர் கோலம். இரண்டரை வருடம் கழித்து ஒரு மூட்டுவாத நிபுணரிடம் போனபோது, நான்கு விரல்களும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன. முடக்கு வாதம். சிக்குன்குன்யா அந்த நோயைப் போலவே வேஷம் போடக்கூடியது. அதனால் நோயை அது கிளப்பிவிட்டதா, வெறும் திரையாக நின்றதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

முடக்கு வாதத்தில் தேய்வு பிறகுதான். முதலில் நடப்பது உள்நாட்டுக் கலவரம். கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, மூட்டின் உட்புறச் சவ்வைப் பகையாக நினைத்துத் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. 100 பேரில் ஒருவருக்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ வருகிறது. பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்துக் கூடுதல்.

அடையாளங்கள் கையிலேயே எழுதியிருக்கும். மணிக்கட்டு, முட்டி மடக்கினால் தெரியும் அடிக்கணு, நடுக்கணு ஆகியவை வீங்கும். நகத்தை ஒட்டிய கணு பெரும்பாலும் தப்பிவிடும். தேய்மானத்துக்கு நேர் எதிர். வலது கையில் வந்தால் இடது கையிலும் வரும். யாராவது இறுக்கிக் கை குலுக்கினால் கண்ணில் நீர் வரும். தொட்டால் கல் போல இருக்காது, பஞ்சு போல அமுங்கும். காலையில் இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். வேலை செய்யச் செய்யத்தான் விடும். கூடவே அசதி, பசியின்மை, இரத்தசோகை. நுரையீரலையும் தொடலாம், மாரடைப்புக்கான வாய்ப்பையும் உயர்த்துகிறது. இதை ‘கை வலி’ என்று சுருக்குவது அநியாயம்.

காலம் இங்கேதான் காசு. நோய் தொடங்கிய மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் சரியான மருந்து தொடங்கினால், பலருக்கு நோயை அடக்கி வைக்க முடிகிறது. எலும்பு அரிப்பு முதல் இரண்டு ஆண்டுகளிலேயே பலருக்குத் தொடங்கிவிடுகிறது. வலி மாத்திரை வலியைக் குறைக்கும், அரிப்பைத் தடுக்காது. பச்சை அட்டை அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம் இதுதான்: வலி தெரியாது, எலும்பு கரைந்துகொண்டே இருக்கும்.

■ வாரம் ஒரு முறை, தினமும் இல்லை
முடக்கு வாதத்துக்கு முதன்மையான மருந்து மெத்தோட்ரெக்சேட். வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டியது. பழக்கதோஷத்தில் தினமும் விழுங்கியவர்கள் வாய்ப்புண், இரத்த அணுக் குறைவு என்று உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போயிருக்கிறார்கள். எந்தக் கிழமை என்பதை அட்டையின் மேலேயே தமிழில் எழுதி வையுங்கள். ஃபோலிக் ஆசிட் வேறு நாளில். அவ்வப்போது இரத்த அணு, ஈரல் சோதனை. மது கூடாது. குழந்தை பெறத் திட்டமிட்டால் சில மாதங்கள் முன்பே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். இணையத்தில் ‘புற்றுநோய் மருந்து’ என்று படித்துவிட்டுப் பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. புற்றுநோய்க்குக் கொடுப்பது இதைவிடப் பல மடங்கு அதிக அளவு.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற பெயர் 2020-ல் கொரோனா புண்ணியத்தில் வீடு வீடாகப் பிரபலமானது. அது முடக்கு வாதத்துக்கும் லூபஸ் நோய்க்கும் பல காலமாகக் கொடுக்கப்படும் மருந்து. கொரோனாவுக்குப் பயப்பட்டவர்கள் வாங்கிப் பதுக்க, நிஜ நோயாளிகள் அப்போது கடை கடையாக அலைந்தார்கள்.

நள்ளிரவில் வலிப்பது

ஹெல்மெட்காரருக்கு இராத்திரி படுக்கும்போது ஒன்றுமில்லை. இரண்டு மணிக்குக் கால் பெருவிரலில் யாரோ நெருப்பு வைத்த மாதிரி எழுந்திருப்பார். போர்வை பட்டால்கூடத் துடிப்பார். கவுட் இப்படித்தான் வரும், சொல்லாமல் கொள்ளாமல்.

இரத்தத்தில் யூரிக் ஆசிட் ஓர் அளவுக்கு மேல் போனால், ஏறக்குறைய 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், கரைந்திருக்க முடியாமல் ஊசி ஊசியான படிகமாக மூட்டில் படியும். குளிர்ச்சியான கால்விரல் அதற்குத் தோதான இடம். பெரும்பாலும் நாற்பது வயதைத் தொட்ட ஆண்கள். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் காவல் இருக்கிறது. பீர், ஈரல், ஆட்டிறைச்சி, நெத்திலி, மத்தி, இனிப்பு குளிர்பானம் எல்லாம் குற்றவாளிகள். இரத்தக்கொதிப்புக்குத் தரும் சில நீர்ப்பிரி மாத்திரைகளும் யூரிக் ஆசிட்டை ஏற்றும். ஆனால் பருப்பையும் கீரையையும் தட்டிலிருந்து விரட்டுவது வீண். காய்கறியில் உள்ள பியூரின் கவுட்டைக் கூட்டுவதில்லை என்று 2004-லேயே பெரிய ஆய்வில் தெரிந்துவிட்டது. சாம்பாரை விட்டுவிட்டுப் பீரை விடாதவர்களை எனக்குத் தெரியும்.

கவுட் ஒரு தந்திரக்காரன். மருந்தே இல்லாவிட்டாலும் ஓரிரு வாரத்தில் தானாக அடங்கிவிடும். அதனால் கடைசியாகத் தடவிய எண்ணெய்க்கு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. இன்னொரு தந்திரம், வலி உச்சத்தில் இருக்கும்போது எடுக்கும் இரத்தச் சோதனையில் யூரிக் ஆசிட் சரியாகவே காட்டலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சந்தேகமறத் தெரிய வேண்டுமானால் மூட்டு நீரை ஊசியில் எடுத்து நுண்ணோக்கியில் படிகத்தைப் பார்ப்பதுதான் வழி. அடிக்கடி வருகிறவர்களுக்கு அல்லோபியூரினால் போன்ற மருந்தைக் கொடுத்து யூரிக் ஆசிட்டை 6-க்குக் கீழே பிடித்து வைக்க வேண்டும். தொடங்கிய புதிதில் ஒரு முறை வலி வரக்கூடும். “மாத்திரை போட்டதும்தான் அதிகமாச்சு” என்று அப்போது நிறுத்துகிறவர்கள்தான் பல வருடம் கழித்துக் காது மடலிலும் முழங்கையிலும் சுண்ணாம்புக் கட்டிகளோடு, கெட்டுப்போன சிறுநீரகத்தோடு வந்து நிற்கிறார்கள். அல்லோபியூரினால் தொடங்கிய பின் உடம்பில் தடிப்பு வந்தால் மட்டும் அன்றே நிறுத்தி டாக்டரிடம் ஓட வேண்டும்.

கவுட்டை அடக்கும் பழைய மருந்து கொல்ச்சிசின். அது எதில் கிடைக்கிறது தெரியுமா? நம் மாநில மலரான செங்காந்தளில். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் வயல் வயலாக வளர்க்கிறார்களே, அது கொல்ச்சிசின் எடுக்கும் அதன் விதைக்காகத்தான். கொடியில் கிடைக்கிறதே என்று கிழங்கை அரைத்துக் குடித்துவிடாதீர்கள். மருந்தாகும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கிழங்கைத் தின்று உயிர்விட்டவர்கள் நம் ஊரில் உண்டு.

படுத்தால் வலிப்பது

ஸ்பிரே கேட்ட பையனை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. இருபது வயதில் முதுகுவலி என்றால் பைக்கையும் செல்போனையும் திட்டிவிட்டுப் போய்விடுவோம். வேலை செய்து வருகிற முதுகுவலி படுத்தால் குறையும். இவனுக்குப் படுத்தால்தான் கூடுகிறது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு எழுப்பிவிடுகிறது, நடந்தால் விடுகிறது. இது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டில் அழற்சி தொடங்கும். கவனிக்காமல் விட்டால் முதுகெலும்புக் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, எக்ஸ்-ரேயில் மூங்கில் கழி மாதிரி தெரியும். குதிகால் வலி, ஒரு பக்கப் பிட்டத்தில் வலித்து மறுபக்கம் மாறுவது, திடீரென்று கண் சிவந்து கூசுவது, வீட்டில் வேறு யாருக்காவது இதே தொல்லை இருப்பது ஆகியவை துப்புகள். எக்ஸ்-ரேயில் தெரியச் சில ஆண்டுகள் ஆகலாம். எம்.ஆர்.ஐ. முன்பே காட்டிக்கொடுக்கும். உடற்பயிற்சி இவர்களுக்கு அறிவுரை மட்டும் இல்லை, சிகிச்சையே அதுதான். பெட்-ரெஸ்ட் என்று யாராவது சொன்னால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

இன்னும் சிலதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தலையில் விடாப்பிடியான பொடுகு, காதுக்குப் பின்னால் செதில், நகத்தில் குண்டூசி குத்திய மாதிரிக் குழிகள், ஒரு விரல் முழுக்க வாழைக்காய் போல வீக்கம் எல்லாம் சேர்ந்தால் அது சொரியாசிஸ் வாதம். இளம்பெண்ணுக்கு மூட்டுவலியோடு வெயில் பட்டால் கன்னத்தில் சிவப்பு, முடி உதிர்வு, கால் வீக்கம் இருந்தால் லூபஸ். சிறுநீரகத்தைக் காப்பாற்ற அவசரம் வேண்டும். சிக்குன்குன்யா என்ற பெயர் தான்சானியாவின் மக்கொண்டே மொழியில் ‘வளைந்து போவது’ என்ற பொருள் தருவது. 1952-ல் அங்கே கண்டறியப்பட்டு, 1960-களிலேயே சென்னை வரை வந்து, 2006-ல் இந்தியாவில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சந்தேக நோயாளிகள் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் விட்டுவிடும். மூன்று மாதம் தாண்டியும் வீக்கம் நின்றால் கொசுவைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு நிபுணரைப் பாருங்கள்.

குழந்தைகள் விஷயம் தனி. தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால், பிறகு கணுக்கால், பிறகு முழங்கை என்று வலி தாவினால் அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டை விட்டுவிட்டு இதய வால்வைப் பிடித்துக்கொள்ளும் நோய் அது. காலையில் நொண்டி நடந்து மத்தியானம் ஓடியாடும் பிள்ளையைப் ‘பள்ளிக்கூடம் போகப் பயம்’ என்று முடிவுகட்டாதீர்கள். அதுவும் வாதமாக இருக்கலாம்.

■ இன்றே போக வேண்டியவை
ஒரே மூட்டு திடீரென்று சூடாகி வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, அசைக்கவே முடியாவிட்டால் மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். சில நாட்களிலேயே குருத்தெலும்பு அழிந்துவிடும். சர்க்கரை நோயாளிகளும் மூட்டில் ஊசி போட்டுக்கொண்டவர்களும் ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது.
முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ அவசரப் பிரிவு.
மூட்டுவலிக்காரருக்குக் கண் சிவந்து வலித்தால் கண் டாக்டர், அன்றே.

ரிப்போர்ட் தாளும் நோயும்

ஆர்.ஏ. ஃபேக்டர், ஏ.எஸ்.ஓ., யூரிக் ஆசிட், சி.ஆர்.பி. எல்லாம் சேர்த்து ‘ஆர்த்ரைட்டிஸ் ப்ரொஃபைல்’ என்று லேப்களில் தள்ளுபடி விலையில் தருகிறார்கள். இந்த ஒரு தாளால் நடக்கும் குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆர்.ஏ. ஃபேக்டர் நோயே இல்லாத வயதானவர்களுக்கும் பாசிட்டிவ் காட்டும். முடக்கு வாதம் உள்ளவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு நெகட்டிவ் காட்டும். யூரிக் ஆசிட் அதிகம் என்று வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கவுட் வருவதே இல்லை. தாளுக்காக மருந்து சாப்பிட வேண்டியதில்லை. ஏ.எஸ்.ஓ. எப்போதோ வந்த தொண்டைத் தொற்றின் தழும்பு. அது கொஞ்சம் கூடியிருக்கிறது என்பதற்காக நாற்பது வயதுக்காரருக்கு மாதாமாதம் பெனிசிலின் ஊசி போடுவது அபத்தம்.

நோயைச் சொல்வது கதையும் கையும்தான். எந்த மூட்டு, எந்த நேரம், எத்தனை நாள், தொட்டால் எப்படி என்ற விவரங்களை வைத்து டாக்டர் ஒரு முடிவுக்கு வந்த பிறகு, அதை உறுதிப்படுத்தத்தான் சோதனை.

யாரிடம் போவது? முழங்கால் தேய்மானம், அடி, ஆபரேஷன் என்றால் எலும்பு டாக்டர். காலை இறுக்கம், பல மூட்டு வீக்கம், இளவயது முதுகுவலி என்றால் ரூமட்டாலஜிஸ்ட் எனப்படும் மூட்டுவாத நிபுணர். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது. பக்கத்து மாவட்டத்தவர்கள் பலருக்கு அது தெரியாது.

பச்சை அட்டையின் விலை

டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளின் விலை பத்து இருபது ரூபாய் என்று நினைக்கிறோம். மாதக் கணக்கில் விழுங்குகிறவர்கள் வயிற்றுப்புண்ணிலும் இரத்தக்கொதிப்பிலும் சிறுநீரகத்திலும் கட்டணம் செலுத்துகிறார்கள். சர்க்கரை, பி.பி. உள்ள முதியவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு.

இந்த மருந்தின் வேகத்தை அறியப் பாறு கழுகுகளைக் கேட்கலாம். 1990-களில் தொடங்கி இந்தியாவில் அவற்றின் முக்கிய இனங்கள் 95 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, செத்த மாட்டின் வழியாகக் கழுகின் வயிற்றுக்குப் போனதுதான் காரணம் என்று 2004-ல் கண்டறிந்தார்கள். கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்து, ஈரல் மேலும் இதயத்தின் மேலும் வெள்ளை வெள்ளையாக யூரிக் ஆசிட் படிந்திருந்தது. மருத்துவர்கள் அதற்கு வைத்த பெயரும் கவுட்தான். 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனிதச் சிறுநீரகம் அவ்வளவு பலவீனமானதில்லை, உண்மைதான். அதற்காக மாதத்துக்கு மூன்று அட்டை என்பது டாக்டருக்குத் தெரியாமல் நடக்கக் கூடாத விஷயம்.

அதைவிடப் பெரிய ஆபத்து காகிதப் பொட்டலத்தில் வருகிறது. ‘மூலிகைப் பொடி, மூன்றே நாளில் எழுந்து நடப்பீர்கள்’ என்பார்கள். நிஜமாகவே மூன்று நாளில் நடப்பீர்கள். 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், படுத்த படுக்கையாக இருந்த 29 வயது முடக்கு வாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் கொடுத்தபோது, அவரும் சில நாளில் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச்சுக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு. பெயர் போடாத பொடிகள் சிலவற்றில் கலந்திருப்பது அதே ஸ்டீராய்டுதான், அளவு தெரியாமல். முகம் பூரித்து வட்டமாகும். “உடம்பு தேறிடுச்சு” என்று சந்தோஷப்படுவார்கள். சர்க்கரை ஏறும், எலும்பு பொடியாகும், தோல் காகிதம் போலக் கிழியும். அப்படி ஒரு பொடியை மாதக் கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது, உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் இந்த வியாபாரிகளால்தான் கெட்ட பெயர் வாங்குகிறார்கள்.

என் அத்தை இப்போது வெள்ளிக்கிழமைதோறும் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார். விரல்கள் சாய்ந்தது சாய்ந்ததுதான். அதற்கு மேல் சாயவில்லை. போன மார்கழியில் பேத்தி புள்ளி வைக்க, இவர் நாற்காலியில் உட்கார்ந்து வரிசை சொன்னார்.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ மூட்டில் வலி இருந்தால், அடுத்த ஒரு வாரம் காலண்டர் தாளின் பின்பக்கம் இதை மட்டும் எழுதுங்கள்: காலையில் எழுந்த நேரம், விரலோ முழங்காலோ முதுகோ சரளமாக அசையத் தொடங்கிய நேரம், வலித்த மூட்டுகளின் பெயர், அன்று சாப்பிட்ட மாத்திரை. இடைவெளி ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இந்த மாதமே ஒரு மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள்.